ஆண் கோதுமைக்கு மட்டும்

ஓசூர்ப் பக்கம் கோதுமை விளையாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் விதைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ராகி போட்டார்கள், தக்காளி போட்டார்கள், ரோஜா போட்டார்கள், நிலம் அலுத்தபோது கம்பெனிக்கு விற்றார்கள். ஆனாலும் தொரப்பள்ளிக்குப் போகும் வழியில் 'உயர்நிலைக் கலப்பினக் கோதுமை ஆய்வு மையம்' என்று ஒன்று எழும்பிவிட்டது. இவ்வூரின் குளிர் கோதுமைக்கு உகந்தது என்று அடிக்கல்லில் பொறித்திருந்தார்கள். இயக்குநர் டாக்டர் நல்லுசாமியின் வீடு பெங்களூருவில் இருப்பதால், காலை டிபனை வீட்டிலும் மதியச் சாப்பாட்டை மையத்திலும் முடிப்பது அவருக்கு உகந்தது என்பதைப் பொறிக்கக் கல்லில் இடமில்லை.

உமைர் அங்கே மருந்தடிக்கும் வேலைக்குச் சேர்ந்தான். அதற்கு முன் சிப்காட்டில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் இருந்தான். ஒரு நாள் கேட்டில் அடையாள அட்டையைக் காட்டியபோது மிஷின் சிவப்பு விளக்கு போட்டது. வேலை போன செய்தியை அவனுக்கு மனிதர்கள் யாரும் சொல்லவில்லை. அந்த வகையில் ஆய்வு மையம் அவனுக்குப் பிடித்திருந்தது. இங்கே எதைச் சொல்வதற்கும் ஆட்கள் இருந்தார்கள். சொல்வதுதான் முக்கால்வாசி வேலையே.

முதல் நாள் நிர்வாக அதிகாரி ஆனந்தராஜ் விளக்கினார். கோதுமைப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் குடித்தனம். தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும், அடுத்த வீட்டைத் திரும்பிப் பார்க்காது. இரண்டு ரகத்தைக் கலக்க வேண்டுமானால், கதிர் வெளியே தலைகாட்டும் முன்பே, அது இலையுறைக்குள் இருக்கும்போதே, ஒரு மருந்தைத் தெளித்து ஆண் பாகத்தை மட்டும் மலடாக்கிவிட வேண்டும். பக்கத்து வரிசையில் மருந்து படாமல் வேறொரு ரகம் நிற்கும். அதன் மகரந்தம் காற்றில் வந்து இங்கே விழும். விளைவது வீரிய விதை.

"மருந்தடிக்கும்போது நாங்க என்ன போட்டுக்கணும் சார்?" என்று உமைர் கேட்டான்.

"சட்டை போட்டுக்கலாம்" என்றார் ஆனந்தராஜ். "வெயிலா இருந்தா கழட்டிக்கலாம். நம்ம மையத்துல கட்டுப்பாடு கிடையாது."

உமைரோடு மருந்தடிக்க இன்னும் இரண்டு பேர். ஒருவர் மாதேஸ்வரன், நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். இன்னொருவன் திம்மராயன், எல்லையைத் தாண்டி ஆனேக்கல் பக்கத்திலிருந்து வருபவன், கன்னடத்தில் யோசித்துத் தமிழில் திட்டுபவன். மூவரும் ஆளுக்கொரு டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசைகளுக்குள் போனார்கள். மருந்து லேசாக இனிப்பு வாசம் அடித்தது. மாலையில் துண்டும் அதே வாசம் அடித்தது.

உமைருக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. பெண் அஸ்பியா, ஓசூரில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள், லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவள் அத்தா லால் பாஷா காவேரிப்பட்டினத்தில் மாம்பழ மண்டி வைத்திருந்தார். மாப்பிள்ளை ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறார் என்று அவர் மண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கேட்டவர்கள் உமைரை விஞ்ஞானி என்றே நினைத்துக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை.

அந்தக் கௌரவம் மையத்தின் தெளிப்புப் பருவத் தொடக்க விழாவோடு முடிந்தது.

விழாவுக்குப் பந்தல் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, டேங்குகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மருந்து பாட்டிலுக்கு ரோஜா மாலை போட்டார்கள். டெல்லியிலிருந்து நிதி தரும் அமைப்பின் ஆட்கள் காணொளியில் பார்த்துக்கொண்டிருந்ததால் டாக்டர் நல்லுசாமி வழக்கத்தைவிட உணர்ச்சியோடு பேசினார்.

"நண்பர்களே! இதுவரை உலகத்தில் கண்டுபிடித்த மருந்தெல்லாம் ஆணைப் பலவீனப்படுத்தியது. நம் மருந்து அப்படியல்ல. அடியோடு முடித்துவிடும்! ஒரு துளி போதும். காற்றில் பட்டால் போதும். எவ்வளவு வீரியமான ஆணாக இருந்தாலும் நம் மருந்திடமிருந்து தப்ப முடியாது என்று நான் சவால் விடுகிறேன்!"

கைதட்டல் எழுந்தது. அவருக்குப் பின்னால், முதுகில் டேங்கோடும் கழுத்தில் ஈரத் துண்டோடும், நெற்றியில் யாரோ வைத்துவிட்ட சந்தனத்தோடும் உமைர் நின்றுகொண்டிருந்தான். அவனும் கைதட்டினான். எல்லோரும் தட்டினார்கள்.

உள்ளூர் கேபிள்காரர் அந்தப் பேச்சை மட்டும் நறுக்கி வாட்ஸப்பில் விட்டார். கோதுமை என்ற வார்த்தை அந்த நறுக்கில் வரவில்லை. சாயங்காலத்துக்குள் அது காவேரிப்பட்டினம் மண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. லால் பாஷா அதை மறுபடி மறுபடி பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை கைதட்டினான்.

"தம்பி" என்று போனில் கூப்பிட்டார். குரலில் மரியாதை குறையவில்லை, ஆனால் எடை கூடியிருந்தது. "ஊர்ல தலைகாட்ட முடியல. நான் ஒண்ணும் கேக்கல. அந்த மருந்து பயிருக்கு மட்டுந்தான், மனுசனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு உங்க ஆபீசுல ஒருத்தர் வாயால சொல்லட்டும். போதும். அதுவரைக்கும் பத்திரிகை அடிக்க வேணாம்."

உமைர் மறுநாள் ஆனந்தராஜிடம் போனான். விஷயத்தைச் சொன்னான்.

ஆனந்தராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "உமைர், நீ கோதுமையா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்குப் பயப்படற?"

"அதைத்தான் சார், கோதுமைக்கு மட்டுந்தான்னு எங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை..."

"அது கொள்கை முடிவு. நான் சொல்ல முடியாது."

கொள்கை முடிவு எடுக்கக் குழு கூடியது. கூடியவர்கள் காபி சாப்பிட்டார்கள், முறுக்கு சாப்பிட்டார்கள், பிரச்சினையை ஆராய்ந்தார்கள். மருந்தில் கோளாறு இல்லை, வார்த்தையில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். 'ஆண் மலட்டுத்தன்மைப் பிரிவு' என்று வாசலில் இருந்த பலகையை இறக்கி, 'ஆண் ஓய்வுநிலைப் பிரிவு' என்று எழுதி மாட்டினார்கள். அடுத்த வாரம் முதியோர் இல்லம் என்று நினைத்து ஒரு குடும்பம் பெட்டியும் பெரியவருமாக ஆட்டோவில் வந்து இறங்கியது. குழு மறுபடி கூடி 'மகரந்த மௌனப் பிரிவு' என்று மாற்றியது. மருந்து அதே இனிப்பு வாசம்தான் அடித்தது.

வார்த்தையை மாற்றியும் தொழிலாளர்கள் முணுமுணுப்பது நிற்காததால் விழிப்புணர்வு முகாம் நடத்த உத்தரவு வந்தது. மருந்தடித்தும் நலமாக வாழும் ஒருவரின் படத்தைச் சுவரொட்டியாக அடிக்கத் திட்டம். மாதேஸ்வரனைப் பிடித்தார்கள். சலவைச் சட்டை கொடுத்து, மனைவி மக்களோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். 'நானே சாட்சி! நான்கு குழந்தைகள்!' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

மாதேஸ்வரன் சுவரொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், நான் வேலைக்குச் சேந்ததே போன வருசந்தான். கடைசிப் பையன் பாலிடெக்னிக் முடிக்கப் போறான்."

"சுவரொட்டியில தேதி போடலையே" என்றார் ஆனந்தராஜ்.

இது எதுவும் காவேரிப்பட்டினத்துக்குப் போதவில்லை. லால் பாஷா ஒரு நாள் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஒரு கூடை மாம்பழத்தோடு நேரிலேயே வந்தார். டாக்டர் நல்லுசாமி அவரை அன்பாக உட்கார வைத்தார். உமைர் கதவோரம் நின்றான்.

"பாய், கவலையே படாதீங்க. இந்த மருந்தால மனுசனுக்குக் கெடுதல்னு உலகத்துல எந்த ஆய்வும் சொல்லல."

லால் பாஷாவின் முகம் தெளிந்தது. "அல்ஹம்துலில்லாஹ். ஆய்வு பண்ணிப் பாத்துட்டீங்களா?"

"பண்ணினாத்தானே சொல்லும்!" என்று இயக்குநர் சிரித்தார். "நாங்க பண்ணவே இல்ல. அதனாலதான் இவ்வளவு உறுதியாச் சொல்றேன்."

"அப்ப மேடையில, எந்த ஆம்பளையும் தப்ப முடியாதுன்னீங்களே?"

"அது நிதி குடுக்கறவங்களுக்கு. அவங்களுக்கு மருந்து பலமா இருக்கணும். உங்களுக்கு மருந்து சாதுவா இருக்கணும். ரெண்டு பேரையும் திருப்திப்படுத்தறதுதான் பாய் நிர்வாகம்." மாம்பழத்தை முகர்ந்து பார்த்தார். "இதுல மருந்து கிருந்து அடிக்கலையே? எனக்கு ஒத்துக்காது."

லால் பாஷா எழுந்து வெளியே வந்தார். பஸ் ஏறும்போது சொன்னார்: "வேலைய விட்டுருங்க தம்பி. இல்லன்னா நான் வேற எடம் பாக்கறதா இருக்கும். எம் பொண்ணு வாழ்க்கை."

அன்றைக்கு உமைர் ஷிப்டு முடிந்து வந்த அஸ்பியாவை ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் பார்த்தான். வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னான். சொல்ல நினைத்தது அதுவல்ல. அவள் முகத்தைப் பார்க்காமல், மேஜை மேலிருந்த தேங்காய் பன்னைப் பார்த்துக்கொண்டு கடைசியில் அதையும் சொல்லிவிட்டான்.

"எனக்கே தெரியல அஸ்பியா. நெஜமாவே எனக்கு ஏதாவது ஆயிருந்தா? உன்னை ஏமாத்தின மாதிரி ஆயிரும்."

அவள் கையை மேஜைமேல் வைத்தாள். "ஒரு சின்ன சிப்பைத் தொடறதுக்கு எனக்கு க்ளவுஸ் தராங்க, தொப்பி தராங்க, வாய்க்கு மாஸ்க் தராங்க. எம்மேல இருக்கிற பாசத்துல இல்ல. சிப்பு மேல இருக்கிற பாசத்துல. உங்களுக்கு அதுகூட இல்ல. கோதுமைக்கு நீங்க மூச்சு விட்டா ஒண்ணும் ஆவாதுல்ல, அதனால."

"அதான் விட்டுரலாம்னு..."

"நீங்க விட்டா நாளைக்கு இன்னொருத்தன் அந்த டேங்கைத் தூக்குவான். அவனுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பா. ஓடி வர்றதா இருந்தா கேட்டுட்டு ஓடி வாங்க. என்ன வேணும்னு சத்தமாக் கேளுங்க."

"உங்க அத்தா?"

"கட்டிக்கப்போறது நானு. சந்தேகப்படறதா இருந்தாலும் நானே பட்டுக்கறேன். அத்தாகிட்ட பேசிக்கறேன். நீங்க பன்னைச் சாப்பிடுங்க, ஆறிப்போச்சு."

அந்த வாரம்தான் பெரிய வயலுக்கு மருந்தடிக்க வேண்டிய வாரம். பயிர் பொதி கட்டி நின்றது. உறைக்குள் கதிர் தடித்திருப்பது கையால் தடவினால் தெரிந்தது. கதிர் வெளியே வந்துவிட்டால் மருந்து அடித்தும் பயனில்லை. காலையில் ஆனந்தராஜ் வந்தபோது, மூன்று டேங்குகளும் வரப்பில் உட்கார்ந்திருந்தன. மூன்று பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாஸ்க் வேணும் சார்" என்றான் உமைர். "கையுறை, முழு உடுப்பு, பூட்ஸு. டாக்டர் வந்து எங்களைப் பாக்கணும். அப்புறம் அடிக்கிறோம்."

"ஸ்டாக் இல்லை."

"வந்த பிறகு அடிக்கிறோம்."

"கோதுமை காத்திருக்காதுப்பா!"

"நாங்க காத்திருந்தோமே சார்" என்றான் உமைர். கையைக் கட்டிக்கொண்டான்.

திம்மராயன் பீடி பற்றவைத்தான். மாதேஸ்வரன் தன் சுவரொட்டியைக் கிழித்து விரித்து அதன்மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

ஆனந்தராஜ் ஜீப்பை எடுத்துக்கொண்டு கூலியாள் நிற்கும் முச்சந்திக்குப் போனார். பத்துப் பதினைந்து பேர் ஓடிவந்து ஜீப்பைச் சூழ்ந்தார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள். மருந்தடிக்கிற வேலை என்றார். எந்த இடம் என்று கேட்டார்கள். சொன்னார். ஜீப்பைச் சுற்றி யாரும் இல்லை. வீடியோ அவ்வளவு தூரம் போயிருந்தது. ஒரு கிழவர் மட்டும் நின்று, "எனக்குப் பரவால்ல சாமி, ஆனா டேங்கு தூக்க முடியாது" என்றார்.

நாட்கள் போயின. கதிர் உறையை முட்டியது. டெல்லிக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய நெருக்கடி வேறு. கடைசியில் டாக்டர் நல்லுசாமி ஊழியர்களைக் கூட்டி, வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவை அறிவித்தார்.

"விஞ்ஞானி என்பவன் மண்ணில் இறங்க வேண்டும்! மக்கள் பயத்தைப் போக்க நாங்களே தெளிக்கிறோம். இந்த மருந்து தண்ணீர் மாதிரி என்பதை உலகம் பார்க்கட்டும்!"

மூவரும் வரப்பிலிருந்து எழுந்து நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் காட்சிக் கூடத்தின் கதவு திறந்தது. உள்ளே கண்ணாடி அலமாரியில், விருந்தினர்கள் பார்ப்பதற்கென்று 'தொடாதீர்' என்று எழுதி வைத்திருந்த உடுப்புகள் வெளியே நடந்து வந்தன. உச்சந்தலை முதல் பாதம்வரை வெள்ளை. முழங்கைவரை கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்கில் இரண்டு பக்கமும் டப்பா வைத்த மாஸ்க். அவற்றுக்குள் இயக்குநரும் இரண்டு விஞ்ஞானிகளும் இருந்தார்கள். உடுப்பில்லாததால் ஆனந்தராஜ் ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

உமைர் பாதையில் போய் நின்றான். "சார், மருந்து தண்ணி மாதிரின்னீங்க. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

மாஸ்க்குக்குள் இயக்குநர் ஏதோ சொன்னார். பெருமூச்சு மாதிரிதான் கேட்டது.

"கேக்கல சார்!"

இயக்குநர் மாஸ்க்கைக் கழற்றினார். "நீ சொல்ற மாதிரி இதில் எந்த ஆபத்தும்..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. பின்னால் ஒரு விஞ்ஞானி டேங்கை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இனிப்பு வாசம் வந்தது. டாக்டர் நல்லுசாமி வாக்கியத்தை முடிக்கவில்லை. மாஸ்க்கை முகத்தில் அப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயலுக்கு எதிர்த்திசையில், இயக்குநர்கள் பொதுவாக ஓடாத வேகத்தில் ஓடினார். ஜீப்புக் கதவைத் தட்டினார். ஆனந்தராஜ் திறக்கவில்லை.

மாதேஸ்வரன் இதையெல்லாம் போனில் எடுத்துக்கொண்டிருந்தார். பேச்சே இல்லாத வீடியோ என்பதால் இதை யாரும் நறுக்க வேண்டியிருக்கவில்லை.

இயக்குநர் பிறகு திரும்பி வந்தார், மருந்தும் அடித்தார்கள். கண்ணாடியில் ஆவி படிந்து விஞ்ஞானிகளுக்கு எது மருந்து படவேண்டிய வரிசை, எது மகரந்தம் தரவேண்டிய வரிசை என்று தெரியவில்லை. நேர்மையாக எல்லா வரிசைக்கும் அடித்தார்கள். வயல் முழுக்க ஆண் என்று ஒன்று மிச்சமில்லாமல் போயிற்று. பக்கத்து வரிசையிலிருந்து மகரந்தம் வர அங்கே யாரும் இல்லை. அறுவடையில் கதிரைக் கசக்கினால் உமி மட்டும் பறந்தது. மையத்தின் ஆண்டறிக்கை அதை 'இதுவரை எட்டப்படாத முழுமையான வெற்றி' என்று குறிப்பிட்டது. விதையைப் பற்றி அது ஒன்றும் குறிப்பிடவில்லை.

வீடியோவுக்குப் பயந்து மூவரையும் வேலையைவிட்டு எடுக்கவில்லை. டாக்டரும் வந்தார். ரத்தம் எடுத்தார், மற்றதும் எடுத்தார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, பருவத்துக்குப் பருவம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அந்த 'இப்போதைக்கு' என்ற வார்த்தையை உமைர் மறைக்காமல் அஸ்பியாவிடம் சொன்னான்.

"சரி" என்றாள் அவள். "பாத்துக்கினே இருப்போம். யாரும் தெரியாதுன்னே சொல்லாத ஊருல, அந்த டாக்டராவது தெரியலன்னு சொன்னாரே."

லால் பாஷா இரண்டாவது வீடியோவையும் மறுபடி மறுபடி பார்த்திருந்தார். அதில் பாதையை மறித்து நின்றது மாப்பிள்ளை என்பதை மண்டிக்கு வந்தவர்களிடம் அவரே சுட்டிக்காட்டினார். மகளிடம் ஏதோ வாதாடித் தோற்றிருந்தார் என்றும் தெரிந்தது. "பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டேன் தம்பி" என்று மட்டும் போனில் சொன்னார்.

முழுமையான வெற்றியைப் பார்க்க டெல்லியிலிருந்து ஓர் உயர் அதிகாரி வந்தார். அவர் வருவதற்கு முந்தின நாள் மூவருக்கும் புதிய உடுப்புகள் வந்தன. மடிப்புக்கூடக் கலையவில்லை. ஒரு காகிதமும் வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பாதுகாப்பு உடுப்பு வழங்கப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது.

"சட்டைய நாங்க போட்டுக்கறோம் சார்" என்றான் உமைர். "இந்தக் கையெழுத்தை நீங்க போட்டுக்கங்க."

ஆனந்தராஜ் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வெயிலில் மூவரையும் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். உமைரின் உடுப்பைத் தொட்டுப் பார்த்து, எத்தனை நாளாக இதைத் தருகிறார்கள் என்று இந்தியில் கேட்டார். ஆனந்தராஜ் அதைத் தமிழாக்கினார்.

"நேத்துலேருந்து" என்றான் உமைர்.

"ஆரம்பத்திலிருந்தே என்கிறார்" என்று ஆனந்தராஜ் இந்தியில் சொன்னார்.

உமைர் மாஸ்க்கைக் கழற்றினான். ஓசூர்ச் சந்தையில் பழகிய இந்தியில், "கல் ஸே, சாப்" என்றான்.

அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். அந்த மொழியில் நேற்றுக்கும் நாளைக்கும் அதே சொல்தான். டாக்டர் நல்லுசாமி அதைப் பிடித்துக்கொண்டார். "நாளையிலிருந்தும் தொடர்ந்து கிடைக்கும் என்று நம்பிக்கையோடு சொல்கிறார் சார்."

திம்மராயனும் மாஸ்க்கைக் கழற்றினான். "நின்னெயிந்த" என்றான் கன்னடத்தில், நேற்றிலிருந்து என்று. அதிகாரிக்குப் புரியவில்லை. இயக்குநர் அதற்கும் வாயைத் திறந்தார்.

அப்போது மாதேஸ்வரன் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தார். வாழ்நாளில் அவர் ஒரு அதிகாரியிடம் இங்கிலீஷில் பேசியதில்லை. மாஸ்க்கைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, வயலின் மறுகோடிவரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எஸ்டர்டே, சார். ஒன்லி எஸ்டர்டே."